ஆடம் ஸ்மித் கொல்லிமலை ஏறிய கதை

எல்லாக் கட்சியிலும் இவர் ஒருவர் இருப்பார். கூட்டம் சேர்க்கப் பாட ஒருவர், எதிர்க்கட்சித் தலைவரின் மூன்று தலைமுறையை ஏச ஒருவர், கடைசியில் தாய்மார்களை அழவைக்க ஒருவர் என்று வேலை பிரித்து முடித்த பிறகு, "புள்ளிவிவரத்தோட பேச ஓர் ஆள் வேணுமே" என்று ஒன்றியச் செயலாளர் தலையைச் சொறிவார். அந்த இடத்துக்கு வந்து சேர்பவர்தான் இவர். போஸ்டரில் பெயருக்கு முன்னால் 'பொருளாதாரப் புலி' என்று போட்டிருக்கும். எம்.ஏ. முடித்தாரா, பி.ஏ.யில் அரியரோடு நின்றாரா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்கவும் வழியில்லை; மைக் அவர் கையில்.

இந்த இனம் தமிழ்நாடு முழுக்க உண்டு. ஆனால் கொல்லிமலையில் வைத்துப் பார்ப்பதில்தான் சுவை. சமவெளியில் கூட்டம் பிரியாணிப் பொட்டலம் வாங்கியதும் கலைந்துவிடும். செம்மேட்டில் கடைசி பஸ் வரும்வரை மக்கள் வேறெங்கும் போக முடியாது. உட்கார்ந்து, முழுசாக, ஒரு வரி விடாமல் கேட்பார்கள். அவர்கள் மிளகும் காப்பியும் மரவள்ளியும் விற்றுப் பிழைப்பவர்கள். விலை என்றால் என்ன என்று யாரும் மேடை போட்டுச் சொல்லித்தர வேண்டியதில்லை. புலிக்கு அது தெரியாது.

அவருடைய மூலதனம் ஒரு டைரி. ஏதோ உரக்கடைக்காரர் என்றைக்கோ கொடுத்தது. தேதிகளைப் பற்றிக் கவலைப்படாமல் எழுதி, ரப்பர் பேண்ட் போட்டு, கக்கத்தில் இடுக்கியிருப்பார். சட்டையின் கக்கம் நனைந்து நனைந்து அட்டையில் உரக் கம்பெனியின் பெயர் பாதி அழிந்துவிட்டது. உள்ளே நீல மையில் பொன்மொழிகள். எதிரே சிவப்பு மையில் சொன்னவர் பெயர். சில பொன்மொழிகளுக்கு எதிரே சிவப்பு மை இராது. அந்த இடம் ஊரைப் பொறுத்து மேடையில் நிரப்பப்படும். தொழிலாளர் கூட்டமாக இருந்தால் மார்க்ஸ். வணிகர் சங்கமாக இருந்தால் ஆடம் ஸ்மித். கல்லூரி விழாவாக இருந்தால் அமர்த்திய சென், ஏனென்றால் மாணவர்கள் அந்தப் பெயரையாவது கேள்விப்பட்டிருப்பார்கள். கட்சி மாறும்போது துண்டின் கரை மாறும், சட்டைப்பையில் தெரியும் தலைவர் படம் மாறும், டைரி மட்டும் மாறாது. பெயர்களுக்குப் பக்கத்தில் 'ஆதரவு' என்றிருப்பதை அடித்து 'எதிர்ப்பு' என்று எழுதிக்கொள்வார். இரண்டு முறை கட்சி மாறியதில் கீன்ஸ் பக்கத்தில் காகிதமே கிழிந்துவிட்டது.

காரவல்லி அடிவாரத்தில் டீ குடித்துவிட்டு வண்டியில் ஏறுவார். எழுபது கொண்டை ஊசி வளைவு. பழக்கமில்லாதவர்களுக்கு நாற்பதைத் தாண்டும்போது குடல் கழுத்துக்கு வரும். புலிக்கு ஒன்றும் ஆகாது. திரும்பித் திரும்பிப் போவதில் அவருக்குள்ள பயிற்சி எந்த டிரைவருக்கும் கிடையாது.

செம்மேட்டில் இறங்கியதும் வல்வில் ஓரி சிலைக்கு மாலை. ஆடிப்பெருக்கை ஒட்டி அரசாங்கமே ஓரிக்கு விழா எடுக்கிறது; அப்போது எல்லாக் கட்சி மாலையும் அந்தக் கழுத்தில் விழும். கடையெழு வள்ளல்களில் ஒருவன் ஓரி. அவன் விட்ட ஓர் அம்பு யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து உடும்பில் போய்ச் செருகியதாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். நம் புலியின் பொன்மொழியும் அதே சாதி. ஒரே ஒரு மேற்கோளை விடுவார். அது ஜி.எஸ்.டி.யைத் துளைத்து, மின்கட்டணத்தைத் துளைத்து, பழைய கட்சியைத் துளைத்து, கூட்டணிக் கட்சியை உரசிக்கொண்டு, கடைசியில் தம் சொந்தக் கட்சியின் தேர்தல் அறிக்கையில் போய்ச் செருகி நிற்கும்.

கூட்டணிக் கட்சி சமாசாரம் சும்மா சொல்லவில்லை. அவருக்கு மிகவும் பிடித்த மேதை ஆடம் ஸ்மித். மிகவும் பிடித்த வாசகம், சந்தையை நடத்தும் 'கண்ணுக்குத் தெரியாத கை'. அதைச் சொல்லும்போது தம் கையை உயர்த்தி ஒரு முறை திருப்பிக் காட்டுவார். முன்வரிசையில் காங்கிரஸ்காரர்கள் இருந்தால் கூட்டணிக்குக் கிடைத்த மரியாதை என்று எண்ணிப் பலமாகத் தட்டுவார்கள். எதிரணியில் அவர்கள் இருக்கும் தேர்தலில் அதே கை 'கண்ணுக்குத் தெரியாமலே போய்விட்ட கை' ஆகும். ஸ்மித் பாவம், ஸ்காட்லாந்துக்காரர். நாமக்கல் மாவட்டக் கூட்டணிக் கணக்கெல்லாம் அவருக்கு எங்கே தெரியும்?

1776-ல் வந்த 'தேசங்களின் செல்வம்' எத்தனை தடி என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அவ்வளவு பெரிய நூலில் அந்தக் கை வருவது ஒரே ஓர் இடத்தில். அதுவும் வெளிநாட்டு வாணிபத்தைவிட உள்நாட்டில் பணம் போடுவதை வியாபாரி ஏன் விரும்புகிறான் என்று பேசிக்கொண்டு வரும்போது, போகிற போக்கில். அதே நூலில் வியாபாரிகளைப் பற்றி அவர் சொல்லியிருப்பதைப் படித்தால் எந்த வணிகர் சங்கமும் அவருக்குப் பொன்னாடை போர்த்தாது. ஒரே தொழில்காரர்கள் நாலு பேர் விருந்துக்குக் கூடினால்கூட, பேச்சு விலையை ஏற்றும் சதியில்தான் போய் முடியும் என்பது அவர் கட்சி. ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு அரசாங்கம் செலவழிக்க வேண்டும் என்றும் எழுதினார். சுங்கமில்லாத வாணிபத்துக்கு வாதாடிய அந்த மனிதர் 1778-ல் எடின்பரோவில் சுங்கத்துறை ஆணையர் ஆனார். இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நம் புலிக்கு அவர்மேல் இன்னும் பாசம் கூடியிருக்கும். கொள்கை ஒரு பக்கம், பதவி ஒரு பக்கம்!

புலி 'விலையை யாரும் நிர்ணயிக்கக் கூடாது, சந்தை நிர்ணயிக்கும்' என்று முழங்கும் மலைக்குக் கீழேதான், முட்டைக்கு இன்றைய பண்ணை விலை இவ்வளவு என்று ஒருங்கிணைப்புக் குழு அறிவிக்கும் நாமக்கல் இருக்கிறது. முன்னால் உட்கார்ந்திருப்பவர்களோ மரவள்ளிக் கிழங்கைச் சேகோ மில்லுக்கு ஏற்றுகிறவர்கள். கிழங்கை எடைக்கு மட்டும் வாங்கமாட்டார்கள். மாவுச்சத்து எத்தனை 'பாயின்ட்' என்று பார்ப்பார்கள்; பாயின்டுக்கு இவ்வளவு என்று ரேட். மலையில் பிடுங்கும்போது கனத்த கிழங்கு, மில்லில் பாயின்ட் பார்க்கும்போது இளைத்துப்போகும். "கண்ணுக்குத் தெரியாத கையின்னா பாயின்ட் பாக்கறவன் கையிங்களா?" என்று ஓர் அம்மா பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டதை நான் என் காதால் கேட்டேன். பொருளாதாரத்தில் நோபல் பரிசு வாங்கியவர்கள் சிலர் இதையே சமன்பாடு போட்டு எழுதியிருக்கிறார்கள்.

அடுத்தது மார்க்ஸ். "வறுமையின் நிறம் சிவப்பு என்றார் காரல் மார்க்ஸ்!" என்பார் புலி, கண் சிவக்க. அது 1980-ல் வந்த பாலசந்தர் படத்தின் பெயர். கமல் நடித்தது. கூட்டத்தில் பாதிப்பேருக்கு அது தெரியும், இருந்தாலும் தட்டுவார்கள், நல்ல படம். இத்தனைக்கும் இது மார்க்ஸ் வாடையே படாத நாடும் இல்லை. 1923-லேயே சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடிவிட்டார். 1931-ல் பெரியாரின் 'குடி அரசு' பொதுவுடைமை அறிக்கையைத் தமிழில் அச்சிட்டது. அந்த அறிக்கையின் கோரிக்கைப் பட்டியலில் வருமானம் ஏற ஏற வரி ஏறவேண்டும் என்பதும், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுப்பள்ளியில் இலவசக் கல்வி என்பதும் இருக்கின்றன. மார்க்ஸைத் திட்டுகிற கட்சியில் இருந்தபோதும் புலி அந்த இரண்டையும் தம் அரசின் சாதனையாகத்தான் அடுக்கினார். பிறகு மார்க்ஸைப் புகழும் கட்சியோடு கூட்டணி ஏற்பட்டது. அப்போது அதே இரண்டையும் 'பெருந்தலைவர் கண்ட கனவு' என்று காமராஜர் கணக்கில் எழுதிவிட்டார். அது ஒருவகையில் உண்மைக்குப் பக்கம்.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றுதான் எம்.ஜி.ஆர். அண்ணாயிசம் கண்டார். காந்தியம், கம்யூனிசம், முதலாளித்துவம் மூன்றிலும் உள்ள நல்லதை எடுத்துச் சேர்த்தது அண்ணாயிசம் என்று விளக்கம் சொன்னார். அன்றைக்குக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு என்னவோ, உலகத்தில் எந்தக் கட்சியும் தன் பொருளாதாரக் கொள்கையை இவ்வளவு நேர்மையாகச் சொன்னதில்லை என்றுதான் படுகிறது. எல்லோரும் செய்வது அதைத்தான். அவர் ஒருவர்தான் ஒத்துக்கொண்டார்.

கீன்ஸ் வருவது கட்சி ஆளும்போது மட்டும். மாநிலத்தின் கடன் ஏறிவிட்டது என்று யாராவது கிளப்பினால் உடனே டைரி திறக்கும். நீண்ட காலத்தில் நாம் எல்லோரும் செத்துப்போவோம் என்று கீன்ஸ் சொன்னாராம். ஆகவே கடன் வாங்கலாமாம். 1923-ல் அவர் அதைச் சொன்னது வேறு சங்கதிக்கு. 'காலப்போக்கில் எல்லாம் சரியாகிவிடும்' என்று கைகட்டி உட்கார்ந்த பொருளாதார நிபுணர்களைக் குத்திச் சொன்னார். கடனைப் பற்றி அங்கே ஒரு பேச்சும் இல்லை. மந்தம் வந்தால் அரசு செலவழிக்கட்டும், காலம் செழித்தால் மிச்சம் பிடிக்கட்டும் என்பது அவர் கட்சி. முதல் பாதியைப் புலி மனப்பாடமாகச் சொல்வார். இரண்டாம் பாதி வரும் பக்கம்தான் கிழிந்துவிட்டதே. கீன்ஸ் 1906 முதல் இரண்டாண்டு லண்டனில் இந்தியா அலுவலகத்தில் வேலை பார்த்தார். 1913-ல் இந்திய நாணயத்தைப் பற்றித் தம் முதல் புத்தகத்தையும் எழுதினார். இந்தியாவுக்கு ஒருமுறைகூட வரவில்லை. அவர் இந்தியாவைப் பார்க்காமல் இந்தியாவைப் பற்றி எழுதினார். நம்மவர் கீன்ஸைப் பார்க்காமல் கீன்ஸைப் பற்றிப் பேசுகிறார். கணக்கு நேர்.

எதிர்க்கட்சி ஆனதும் மில்டன் ஃப்ரீட்மன். 'இலவச மதிய உணவு என்று ஒன்று கிடையாது' என்பது 1975-ல் வந்த அவருடைய புத்தகத்தின் பெயர். இதைத் தமிழ்நாட்டில் போய்ச் சொல்வதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். ஐம்பதுகளில் காமராஜர் மதிய உணவைக் கொண்டுவந்து, 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்து, 2022-ல் காலைச் சிற்றுண்டியும் சேர்ந்துவிட்ட மாநிலம் இது. அன்றைக்கு மேடையை வேறு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தை ஒட்டிப் போட்டிருந்தார்கள். "இலவசச் சாப்பாடுன்னு உலகத்துல ஒண்ணு கிடையாதுய்யா!" என்று புலி உறுமினார். "அப்ப எங்க பேரன் தெனமும் முட்டையோட திங்கிறது என்னங்க?" என்றார் ஒரு பெரியவர், குதர்க்கமில்லாமல். புலி தண்ணீர் குடித்தார்.

இலவச அரசியலில் யாரும் யாருக்கும் இளைத்தவரில்லை. 2006-ல் ஒரு கட்சி கலர் டி.வி. என்றது. 2011-ல் மற்றது மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2013-ல் தீர்ப்பு வந்தது. 2022-ல் பிரதமர் இதையெல்லாம் மிட்டாய் விநியோகம் என்றார். சென்னையிலிருந்து அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் தொலைக்காட்சியில் சூடாகப் பதில் சொன்னார். இரண்டு பக்கத்துப் புலிகளுக்கும் அந்த மாதம் முழுக்கத் தூக்கமில்லை. ஒரு புலியும் சொல்லாத விஷயம், அதே ஃப்ரீட்மன் 1962-லேயே ஏழைகளுக்கு அரசாங்கம் கையில் ரொக்கம் கொடுக்கட்டும் என்று எழுதினார். வரியைத் திருப்பிப்போட்ட திட்டம் அது. மகளிர் உரிமைத் தொகைக்குச் சிகாகோவில் ஒரு சித்தப்பா! ஸ்மித்தை எடுத்தாலும் கதை அதுதான். வெளியே நாலு பேர் முன் கூச்சமில்லாமல் நடமாடக் கூலிக்காரனுக்கும் ஒரு நல்ல சட்டை வேண்டும், ஊர் வழக்கம் எதைக் கௌரவம் என்கிறதோ அதுவும் அவசியப் பொருள்தான் என்று எழுதிவைத்திருக்கிறார். தெருவில் எல்லார் வீட்டிலும் டி.வி. ஓடும்போது ஒரு வீட்டில் மட்டும் இல்லை என்றால் என்ன என்று அவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

புலிகள் நம் ஊரில் மட்டும் என்று வெட்கப்படத் தேவையில்லை. மார்கரெட் தாட்சர் ஒரு கட்சிக் கூட்டத்தில் கைப்பையிலிருந்து ஹயெக்கின் 'சுதந்திரத்தின் அரசியல் சாசனம்' நூலை எடுத்து மேசையில் அறைந்து, நாம் நம்புவது இதைத்தான் என்றாராம். அவர் கன்சர்வேடிவ் கட்சித் தலைவர். அந்த நூலின் பின்னுரையின் தலைப்பே 'நான் ஏன் கன்சர்வேடிவ் அல்ல' என்பது. ரீகன் 1981-ல் வரிக்குறைப்புக்குச் சாட்சியாகப் பதினான்காம் நூற்றாண்டு அரபு அறிஞர் இப்னு கல்தூனைக் கூட்டிவந்தார். நம் டில்லிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம், பிசிராந்தையார் இருக்கிறார். 2019 ஜூலையில் பட்ஜெட் படித்த நிர்மலா சீதாராமன், வயலில் யானை தானே புகுந்து மேய்ந்தால் தின்பதைவிட மிதிபடுவது அதிகம், அளவாக வரி வாங்கு என்று புலவர் பாண்டியனுக்குச் சொன்னதை எடுத்துக்காட்டினார். நல்ல பாட்டு. அதே உரையில் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு இரண்டு ரூபாய் ஏறியது. எழுபது வளைவும் முதல் கியரில் ஏறுகிற மலையில் யானையின் கால் எங்கே விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

கௌடில்யரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேனீ பூவை நோகாமல் தேன் எடுப்பதுபோல் வரி வாங்கச் சொன்னார் கௌடில்யர் என்பது புலியின் வழக்கமான முத்தாய்ப்பு. மலைத்தேனுக்குப் பெயர்போன ஊரில் இதற்கு நிச்சயம் கைதட்டு. தேனீ மகாபாரதத்திலும் மனுவிலும் பறக்கிறது. அர்த்தசாஸ்திரத்தில் இருப்பது பழுத்த பழத்தைப் பறி, காயைப் பறிக்காதே என்ற யோசனை. பழம் பழுக்கக் காத்திருக்க முடியாத அரசனுக்கும் அதே அத்தியாயத்தில் வழி இருக்கிறது. கஜானா காலியானால் மரத்தில் பூதம் இருப்பதாகக் கிளப்பிவிட்டு, பயந்த ஜனங்களிடம் பரிகாரத்துக்குப் பணம் திரட்டலாம். மதுவுக்கென்று தனியாக ஓர் அரசு அதிகாரியும் உண்டு; டாஸ்மாக் சில்லறை விற்பனையை அரசு 2003-ல் எடுத்துக்கொண்டதற்கு இரண்டாயிரம் வருஷத்து முன்மாதிரி. இதையெல்லாம் புலி மேற்கோள் காட்டமாட்டார். படித்திருந்தால் காட்டுவார் என்றே நினைக்கிறேன்.

ரிக்கார்டோ ஒருகாலத்தில் டைரியில் இருந்தார். எது நமக்கு ஒப்பீட்டில் லாபமோ அதை விளைவி, மற்றதை வாங்கிக்கொள் என்பது அவர் பாடம். சாமையும் தினையும் விட்டுத்தள்ளு, மரவள்ளி போடு, அரிசி ரேஷனில் வரும் என்று மலைக்காரர்களுக்குப் புலி அந்நாளில் உபதேசித்தார். 2023 சிறுதானிய ஆண்டு என்று அறிவிப்பு வந்ததும் கழுத்தில் தினைக்கதிர் மாலையோடு போட்டோ எடுத்துக்கொண்டு, முன்னோர் உணவை மறந்த மக்களைக் கண்டித்தார். ரிக்கார்டோவை அன்றோடு அடித்துவிட்டார்.

கூட்டம் முடியும் நேரத்தில் 'மக்கள் கேட்கலாம்' என்று ஒரு சடங்கு உண்டு. யாரும் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் வைப்பது. அன்று சோளக்காட்டுச் சந்தையிலிருந்து வந்த ஒருவர் எழுந்தார். தோளில் துண்டு, கையில் பலாப்பால் கறை.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கலாங்களா? பலாவும் வாழத்தாரும் கீழ போய்ச் சேர்றதுக்குள்ள வண்டி வாடகையே பாதிய முழுங்கிருதுங்க. ஞாயித்துக்கெழம ஆனா அருவி பாக்கப் பெரிய பெரிய காரா ஏறுது. அந்தக் காருக்குக் கொஞ்சம் கூடப் போட்டு வாங்கி, எங்க லோடு வண்டிக்குக் கொறச்சா ரோட்டுக்கும் ஆச்சு, எங்களுக்கும் ஆச்சு. செய்யலாங்களா?"

'தேசங்களின் செல்வம்', ஐந்தாம் பகுதி, சாலைகளும் பாலங்களும் பற்றிய இடம். பணக்காரரின் சொகுசு வண்டிக்குச் சாலைச் சுங்கம் அதன் எடைக்குரிய அளவைவிடக் கூடுதலாக இருக்கட்டும், பாரவண்டிக்குக் குறைவாக இருக்கட்டும், அப்படிச் செய்தால் சொகுசுக்காரரின் சோம்பலும் பகட்டுமே கனத்த சரக்குகளின் வாடகையைக் குறைத்து ஏழைக்கு உதவும் என்று ஆடம் ஸ்மித் எழுதியிருக்கிறார். சோளக்காட்டுக்காரர் அதைப் படித்திருக்க வழியில்லை. புலியும்தான்.

புலி டைரியைப் புரட்டினார். இரண்டு பக்கம் முன்னே, மூன்று பக்கம் பின்னே. பிறகு மூடி, ரப்பர் பேண்ட் போட்டார்.

"பெரியவரே, வருத்தப்படாதீங்க, இது அப்பட்டமான கம்யூனிசம்! ரஷ்யாவுலயே ஊத்திக்கிட்டது. ஆடம் ஸ்மித் மட்டும் இந்த மேடையில இருந்திருந்தா இந்தக் கேள்விக்கு நொந்துபோயிருப்பாரு!"

முன்வரிசை கைதட்டியது. ஒன்றியச் செயலாளர் நன்றியுரைக்கு எழுந்தார். பெரியவர் உட்காரவில்லை.

"அந்த ஸ்மித்துங்கறவரு எந்தக் கட்சிங்க?"

"அதுல என்ன சந்தேகம்? நம்ம கட்சிதான்!"